பழைய பாடல்களைப் பகிர்ந்து பேச எந்த இடம் பொருத்தம்?

கல்லூரி விடுதியில் ஒரே வரிசை அறைகளில் இருந்த நாங்கள் எட்டுப் பேர், முப்பது ஆண்டுகள் கழித்து இணையத்தில் ஒன்று கூடினோம். பிள்ளைகள், வேலை, முழங்கால் வலி என்று பேச்சு எங்கே தொடங்கினாலும் பத்து நிமிடத்தில் பழைய திரைப்பாடல்களில் வந்து நின்றுவிடும். ஒருவர் ஒரு பாட்டை அனுப்புவார். இன்னொருவர் அதே இசையமைப்பாளரின் வேறொரு பாட்டை எடுத்து வருவார். மூன்றாமவர் இரண்டுக்கும் ராகம் ஒன்றுதான் என்பார். நான்காமவர் இல்லவே இல்லை என்பார். இந்தச் சண்டைக்கு நிலையான ஓர் இடம் வேண்டும் என்று முடிவு செய்த அன்று, எந்த இடம் என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் கைக்கு எட்டிய வழிகள் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டோம். இதே கேள்வியோடு இருக்கும் வேறு நண்பர் குழுக்களுக்கு உதவக்கூடும் என்பதால் அந்த வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

எதை வைத்து அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் பாட்டு எங்கே நன்றாக ஒலிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். பாட்டு இன்று எங்கே தேடினாலும் கிடைக்கிறது. அந்தப் பாட்டைப் பற்றி நண்பர் ஒருவர் போகிற போக்கில் சொன்ன வார்த்தைதான் ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைப்பதில்லை. ஆகவே என் கேள்விகள் மூன்று. எட்டுப் பேரில் கைபேசியோடு மிகக் குறைவாகப் பழகியவர் எவரோ, அவரால் பாட்டைத் திறக்க முடிகிறதா? பேச்சு பாட்டின் பக்கத்திலேயே இருக்கிறதா, அல்லது பிரிந்து போய்விடுகிறதா? பழைய பேச்சை மீண்டும் எடுக்க வழி உண்டா? இந்த மூன்றுக்கும் ஒருசேர ஆம் என்று சொல்லும் ஒற்றை இடம் எனக்குக் கிடைக்கவில்லை. பாட்டுக்கு ஓரிடம், பேச்சுக்கு ஓரிடம், நினைவுக்கு ஓரிடம் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது என்பதுதான் நான் வந்து சேர்ந்த முடிவு.

கோப்பா, இணைப்பா?

எந்தச் செயலி என்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. பாட்டை எம்பி3 கோப்பாகவே அனுப்புவதா, அது இருக்கும் இடத்தின் இணைப்பை மட்டும் அனுப்புவதா என்பதே அது. கோப்பு அனுப்புவது சுலபம். பெறுபவர் விரலை வைத்தால் ஒலிக்கும். இணையம் விட்டுவிட்டு வரும் இடத்திலும் நிற்காது. நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்று ஏறத்தாழ 4 எம்பி இடம் எடுக்கும். நாளுக்குப் பத்துப் பாட்டு வரும் குழுவில் மாதத்துக்கு 1.2 ஜிபி சேரும். கைபேசி நிரம்பிய அன்று நண்பர்கள் முதலில் அழிப்பது பாட்டைத்தான், ஏனென்றால் பேரப்பிள்ளைகளின் படங்களை யாரும் அழிப்பதில்லை.

உரிமைச் சிக்கலும் இதில் சேர்கிறது. 'அறுபது வருடப் பழைய பாட்டு, இனி யாருக்கு என்ன உரிமை?' என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான பாதுகாப்பு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1964 இல் வெளிவந்த இசைத்தட்டுக்கு அது 2024 இறுதியில் முடிந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தட்டில் பதிவான மெட்டுக்கும் வரிகளுக்கும் கணக்கு வேறு. அவற்றைப் படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கண்ணதாசன் 1981 இல் மறைந்தார் என்பதால் அவருடைய வரிகளுக்கான உரிமை 2041 இறுதிவரை இருக்கிறது. ஆகவே தட்டு பழையது என்பதற்காகப் பாட்டு பொதுச்சொத்து ஆகிவிடாது. உரிமையாளரே பதிவேற்றிய பக்கத்தின் இணைப்பை அனுப்பினால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கைபேசியிலும் இடம் போகாது.

இணைப்பு அனுப்பும்போது எந்தப் பதிவின் இணைப்பு என்பதைக் கவனிக்க வேண்டும் என்பதை நாங்கள் ஒரு சண்டைக்குப் பிறகே கற்றோம். வீட்டில் ஹார்மோனியம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஒரு பெண்குரல் பாட்டின் சுருதி ஐந்து கட்டை, அதாவது ஹார்மோனியத்தின் ஐந்தாவது வெள்ளைக் கட்டை, என்று எழுதினார். இன்னொருவர் கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலியை ஓடவிட்டுப் பார்த்து, ஐந்தரைதான், அதற்கு அடுத்த கறுப்புக் கட்டைதான் என்று அடித்துச் சொன்னார். மூன்று நாள் நீடித்த வாக்குவாதம், இருவரும் கேட்டது வெவ்வேறு பதிவுகள் என்று தெரிந்ததும்தான் அடங்கியது. ஒருவர் கேட்டது இசைத்தட்டிலிருந்து எடுத்த ஒலி. மற்றவர் கேட்டது படத்தின் காணொளி. திரைப்படம் நொடிக்கு 24 படச்சட்டங்களாக (ஃபிரேம்) ஓடுவது. இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய பி.ஏ.எல். முறையில் நொடிக்கு 25. அந்த முறைக்கு மாற்றும்போது படத்தைச் சற்று வேகமாக ஓட்டி எடுத்துவிட்டால் பாட்டும் 4 விழுக்காடு வேகம் பிடிக்கிறது. நான்கு நிமிடப் பாட்டு பத்து நொடி முன்னதாகவே முடிந்துவிடுகிறது. சுருதி, அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு நடுவே உள்ள அரைச்சுர இடைவெளியில் ஏறக்குறைய முக்கால் பங்கு உயர்ந்துவிடுகிறது. ஐந்து கட்டை ஐந்தரைக்குப் பக்கத்தில் போய் நிற்பது இப்படித்தான். இது போதாதென்று, தானியங்கி உரிமைச் சோதனையில் மாட்டாமல் தப்புவதற்காக வேண்டுமென்றே சுருதியை மாற்றிப் பதிவேற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

நீளமும் அப்படியே. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். அதற்கு மேல் போன பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள், அல்லது ஒரு சரணத்தையோ இடையிசையையோ வெட்டினார்கள். ஆகவே படத்தில் வரும் பாட்டும் தட்டில் வரும் பாட்டும் பல நேரங்களில் ஒன்றல்ல. 'இரண்டாவது சரணத்தில் அந்தக் குழல் வருகிறதே' என்று ஒருவர் உருகும்போது, இன்னொருவருக்கு அந்தச் சரணமே கிடைத்திருக்காது. எல்லோரும் ஒரே இணைப்பைத் திறந்து கேட்டால் இந்தக் குழப்பம் பாதியாகக் குறையும். இந்த ஒரு காரணத்துக்காகவே கோப்பை விட இணைப்பு மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

வாட்ஸ்அப் குழு

இதன் பலம் ஒன்றே ஒன்றுதான், அது மிகப் பெரிய பலம்: எல்லோரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். புதிதாக எதையும் நிறுவச் சொல்ல வேண்டாம், கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற அழைப்பு வராது. இணைப்பை ஒட்டினால் சின்னப் படத்தோடு தலைப்பும் தெரிகிறது. குறிப்பிட்ட செய்தியை இழுத்து அதற்கு மட்டும் பதில் எழுதலாம் என்பதால், காலையில் வந்த பாட்டுக்கு இரவில் எழுதும் கருத்து தடம் மாறிப் போவதில்லை. உரையாடல் இருமுனை மறையாக்கத்தோடு செல்வதால் குழுவுக்குள் பேசுவது குழுவுக்குள் இருக்கும்.

நான் இதில் மிக உயர்வாக மதிப்பது குரல் செய்தியை. பழைய பாட்டைப் பற்றி எழுதுவது கடினம். 'அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது ஒரு வளைவு இருக்கிறது' என்று பத்து வரி எழுதினாலும் புரியாது. பொத்தானை அழுத்திக்கொண்டு முனகிக் காட்டினால் ஐந்து நொடியில் புரிந்துவிடும். எங்களில் எழுதவே சோம்பல்படும் ஒருவர், நடைப்பயிற்சியின்போது மூச்சு வாங்கிக்கொண்டே பாடி அனுப்பும் அரை நிமிடப் பதிவுகள்தான் குழுவின் உயிர். பின்னணியில் செருப்புச் சத்தமும் ஒரு நாயின் குரைப்பும் கேட்கும். பாடத் தெரியாதவர்கள் தயங்குவார்கள் என்று நினைத்தேன். அவர்கள்தான் முதலில் ஆரம்பித்தார்கள்.

குறை எங்கே என்றால் நினைவில். செய்திகள் ஆற்று நீர்போல மேலேறிப் போய்விடுகின்றன. தேடும் வசதி உண்டு. ஆனால் எழுத்தைத்தான் தேடலாமே தவிர, முனகி அனுப்பிய குரலைத் தேட முடியாது. எழுத்தும் சிக்கலே. ஆங்கில எழுத்துகளில் தமிழ்ப் பாட்டின் முதல் வரியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். ழகரத்துக்கு ஒருவர் இரண்டு எழுத்து போடுவார், இன்னொருவர் ஓர் எழுத்தோடு விட்டுவிடுவார். நெடிலை ஒருவர் இரட்டிப்பார், மற்றவர் இரட்டிக்க மாட்டார். ஒரே பாட்டுக்கு நான்கு உருவம் வந்துவிட்ட பிறகு தேடல் எதைக் கண்டுபிடிக்கும்? பாட்டின் முதல் வரியைத் தமிழ் எழுத்தில் மட்டுமே எழுதுவது என்ற ஒரே ஒரு விதியை நாங்கள் வைத்தோம். அதற்குப் பிறகு தேடினால் கிடைக்கத் தொடங்கியது. தட்டச்சு வராத நண்பர் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்துகிறார். அது அவ்வப்போது விபரீதமாகப் புரிந்துகொண்டு தரும் வரிகள் தனி நகைச்சுவை.

பிறந்தநாள் வாழ்த்தும் காலை வணக்கப் படமும் பாட்டோடு கலப்பது அடுத்த தொல்லை. ஏற்கெனவே உள்ள பொதுக் குழுவிலேயே பாட்டையும் பேசிக்கொள்ளலாம் என்று தொடங்கினால் மூன்றே வாரத்தில் பாட்டு காணாமல் போகும். பாட்டுக்கென்று தனிக் குழு, அதில் வேறெதுவும் கிடையாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

டெலிகிராம்

பாட்டுக்காகவே செய்ததுபோல இருக்கும் சில வசதிகள் இதில் உண்டு. குழுவுக்குள்ளேயே தலைப்புகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஐம்பதுகளின் பாட்டு ஓர் அறை, எழுபதுகளின் பாட்டு ஓர் அறை, ராகச் சண்டை தனி அறை என்று ஒதுக்கிவிட்டால் ஒன்றோடொன்று கலக்காது. செய்திகள் கைபேசியில் அல்லாமல் இணையத்தில் உள்ள மேகக் கணினியில் இருப்பதால் கைபேசி மாற்றினாலும் பழைய பேச்சு அப்படியே வரும். நிர்வாகி அனுமதித்தால், நேற்றுச் சேர்ந்தவரும் முதல் நாளிலிருந்து படிக்கலாம். பாடகர் பெயரையோ இசையமைப்பாளர் பெயரையோ குறிச்சொல்லாக இட்டு வைத்தால், அதைத் தொட்டவுடன் அவர் பாடல்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நினைவு என்ற அளவுகோலில் இது வாட்ஸ்அப்பைத் தெளிவாக விஞ்சுகிறது. 200,000 பேர் வரை சேரலாம் என்பதும், கட்டணம் இல்லாமலேயே 2 ஜிபி வரை ஒரு கோப்பு அனுப்பலாம் என்பதும் எட்டுப் பேருக்குத் தேவையற்ற ஆடம்பரம்.

சாதாரணக் குழு உரையாடலுக்கு இருமுனை மறையாக்கம் கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். பாட்டைப் பற்றிப் பேச அது ஒரு பொருட்டில்லை என்றே நினைக்கிறேன், ஆனால் நண்பர்கள் பாட்டை மட்டுமே பேசுவதில்லை. உண்மையான தடை வேறு. எட்டுப் பேரில் மூவர் இதை நிறுவவில்லை. நிறுவிய ஐவரில் இருவர் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு மறந்துபோனார்கள். ஒழுங்காக அடுக்கிய அறைகளில் மூன்று பேர் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். முப்பது, நாற்பது பேர் கொண்ட ரசிகர் வட்டம் என்றால் கணக்கு தலைகீழ். அங்கே ஒழுங்கு இல்லாவிட்டால் எதுவும் நடக்காது, ஆர்வம் இருப்பவர்கள் மட்டுமே சேர்வார்கள் என்பதால் நிறுவச் சொல்வதும் கடினமாக இராது. அப்படிப்பட்ட வட்டத்துக்கு நான் தயங்காமல் டெலிகிராமைத்தான் சொல்வேன்.

கூட்டுப் பாடல் பட்டியல்

யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் ஒரே பட்டியலில் பலர் பாட்டைச் சேர்க்கலாம். கேட்பதற்கு இதை விடச் சுகமான ஏற்பாடு கிடையாது. சமைக்கும்போதோ பயணத்தின்போதோ ஓடவிட்டால் நண்பர்களின் தேர்வு ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆனால் இது அறிவிப்பாளர் இல்லாத வானொலி. 1952 வாக்கில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைத் தள்ளி வைத்ததால், இலங்கை வானொலியின் பக்கம் நேயர்கள் திரும்பினார்கள். 1957 இல் அகில இந்திய வானொலியே விவித பாரதி என்ற திரைப்பாடல் சேவையைத் தொடங்கியது அதற்குப் பதிலடியாகத்தான். அந்த நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பாட்டு மட்டுமா வந்தது? படம் எது, பாடியவர் யார், விரும்பிக் கேட்டவர்கள் எந்த ஊரைச் சேர்ந்த யார் யார் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுத்தான் பாட்டு தொடங்கும். விரும்பிக் கேட்டவரின் பெயர்தான் பாட்டுக்குப் பாதிச் சுவை. ஸ்பாட்டிஃபை பட்டியலில் யார் சேர்த்தார் என்பது சின்னதாகத் தெரிகிறது. ஏன் சேர்த்தார் என்று சொல்ல ஒரு வரிக்குக்கூட இடம் இல்லை.

இரண்டுக்குள் எது என்று கேட்டால், பழைய தமிழ்ப் பாட்டுக்கு யூடியூப். காரணம் எளிது: எல்லோரிடமும் இருக்கிறது, காட்சியும் வருகிறது, இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் ஏற்றிய அரிய பாடல்களும் அங்கேதான் அதிகம். இணைப்பிலேயே நேரத்தைக் குறித்து அனுப்ப முடிவதால், இரண்டாம் இடையிசை தொடங்கும் நொடியிலேயே நண்பரைக் கொண்டுபோய் நிறுத்தலாம். பாட்டைப் பற்றிப் பேசுபவர்களுக்கு இது பொன்னான வசதி. பட்டியலைப் பொதுவில் வைக்காமல், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்துக்கொள்ளலாம். பலவீனம் என்னவென்றால், பதிவேற்றியவர் காணொளியை நீக்கிவிட்டால் பட்டியலில் தலைப்பும் சேர்ந்து போய்விடும். அங்கே என்ன பாட்டு இருந்தது என்பதே தெரியாது. உரிமையாளர் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து எடுத்த பாடல்களுக்கு இந்த ஆபத்து குறைவு, தனியார் ஏற்றிய அரிய பாடல்களுக்கு அதிகம். ஆக, எது கிடைப்பதற்கு அரிதோ அதுவே முதலில் மறைகிறது.

ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். ஒலித்தரமும் ஒழுங்கும் நன்று. ஆனால் ஒரு நாட்டில் கிடைக்கும் பாட்டு இன்னொரு நாட்டில் உரிமம் இல்லாததால் திறக்காமல் போகலாம். நண்பர்கள் மூன்று நாடுகளில் இருந்தால் பட்டியலில் சாம்பல் நிறத்தில் சில வரிகள் இருக்கும். இருவரின் ரசனையைக் கலந்து தானே பட்டியல் போட்டுத் தரும் பிளெண்ட் என்ற வசதியை எங்களில் சிலர் புகழ்ந்தார்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. நண்பர் தேடி எடுத்துக் கொடுத்த பாட்டைத்தான் நான் கேட்க விரும்புகிறேன்.

நேரலையில் சேர்ந்து கேட்பது

காணொளி அழைப்பில் எல்லோரும் கூடி, ஒருவர் பாட்டை ஓடவிட மற்றவர்கள் கேட்பது என்பது கேட்கும்போது அழகான திட்டம். செய்து பார்த்தால் இரண்டு இடங்களில் இடறும். அழைப்புச் செயலிகள் பேச்சுக் குரலைக் காப்பாற்றி மற்றதை இரைச்சல் என்று வடிகட்டுகின்றன. அறையில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டை ஓடவிட்டு ஒலிவாங்கி வழியே அனுப்பினால், பாடகரின் குரல் வரும், வயலின் கூட்டம் விட்டுவிட்டு வரும், தபேலா தொட்டித் தண்ணீருக்குள்ளிருந்து அடிப்பதுபோல வரும். ஜூமில் திரையைப் பகிரும்போது கணினியின் ஒலியையும் சேர்த்துப் பகிரும் தெரிவு இருக்கிறது. இசைக்கென்று அசல் ஒலியை வடிகட்டாமல் அனுப்பும் அமைப்பும் இருக்கிறது. இவ்விரண்டையும் தெரிந்துகொண்டால் முதல் இடறல் தீரும்.

இரண்டாவது தீராது. சேர்ந்து பாட ஆசை வரும், பாட முடியாது. ஒருவரோடொருவர் தாளம் பிசகாமல் பாட வேண்டுமானால் குரல் சென்று சேரும் தாமதம் ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் இருபத்தைந்து, முப்பது பங்குக்குள் இருக்க வேண்டும். ஒரு மேடையில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மை வந்தடைய ஆகும் நேரம் அது. கண்டம் தாண்டிய அழைப்பில் தாமதம் இதைப்போலப் பல மடங்கு. நாங்கள் ஒருமுறை எட்டுப் பேரும் ஒரு பல்லவியைத் தொடங்கினோம். மூன்றாவது சொல்லுக்குள் எட்டுப் பேரும் எட்டு இடத்தில் இருந்தோம். ஒவ்வொருவரும் மற்றவருக்காக மெதுவாக்க, பாட்டு இழுபட்டு இழுபட்டு ஒப்பாரி ஆகி நின்றது. அன்று சிரித்த சிரிப்பு மறக்க முடியாதது என்றாலும், அதை ஒரு வழி என்று யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் பாட மற்றவர்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்பதுதான் நடக்கும்.

நேரலைக்கு நான் ஏற்கும் வடிவம் வேறு. பாட்டை முன்கூட்டியே அனுப்பிவிடுவது. ஒவ்வொருவரும் தத்தம் காதொலிக் கருவியில் தனியே கேட்டுவிட்டு வருவது. அழைப்பில் பேசுவது மட்டும். பாட்டு கெடுவதில்லை, நேரமும் மிஞ்சும். ஸ்பாட்டிஃபையின் ஜாம் வசதியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாட்டு ஓடும் என்றாலும், கட்டணச் சந்தா இல்லாமல் அதைத் தொடங்க முடியாது. டிஸ்கார்ட் என்ற குழு உரையாடல் செயலியில் குரல் அறை வசதி நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே யூடியூபிலிருந்து பாட்டை எடுத்து ஓடவிட்ட பெரிய இசை 'பாட்' தானியங்கி நிரல்கள் இரண்டும், யூடியூப் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, 2021 இல் நிறுத்தப்பட்டன. இளைஞர்கள் விரும்புவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் முதல் திரையிலேயே திரும்பிவிடுவார்கள்.

ஒரு விரிதாள்

இந்த ஒப்பீட்டில் யாரும் எதிர்பாராத போட்டியாளர் கூகுள் ஷீட்ஸ். பேசுவதற்கான இடமே அல்ல அது. ஆனால் நினைவு என்ற கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை அதுதான். பல்லவியின் முதல் வரி தமிழில், படம், ஆண்டு, இசை, பாடலாசிரியர், பாடியவர்கள், இணைப்பு, அனுப்பியவர், நாள் என்று ஒன்பது கட்டங்கள். பத்தாவது கட்டத்துக்கு 'என்ன பேசினோம்' என்று தலைப்பு. வாரத்துக்கு ஒருவர் முறை வைத்து, குழுவில் நடந்த பேச்சிலிருந்து ஒன்றிரண்டு வரியை எடுத்து அங்கே எழுத வேண்டும். ஒரு வரிசையில் இப்படி இருக்கிறது: 'இரண்டாம் சரணத்துக்கு முன் வரும் ஷெனாய் பற்றி வாக்குவாதம். அது கிளாரினெட் என்கிறார் ஒருவர். முடிவாகவில்லை.'

இந்தத் தாளை நிரப்பும்போதுதான் இணையத்தில் பழைய பாடல் விவரங்கள் எவ்வளவு பிழையோடு உலவுகின்றன என்பது தெரிந்தது. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இணைந்து 1952 முதல் 1965 வரை இசையமைத்தார்கள். அந்தக் காலத்துப் பாடல்கள் பலவற்றில் விஸ்வநாதன் பெயர் மட்டும் தனியே போட்டிருக்கும். பார்க்கச் சின்னப் பிழைதான். ஆனால் இசைக் கட்டத்தை வைத்து வரிசைப்படுத்தினால் ஓர் இரட்டையர் பாதி மறைந்துபோகிறார்கள். பாடலாசிரியர் பெயர் இன்னும் மோசம். பாட்டுச் செயலிகளில் இசையமைப்பாளரும் பாடகரும் முன்னால் நிற்க, வரி எழுதியவர் பின்னால் எங்கோ ஒளிந்திருப்பார், சில நேரம் இருக்கவே மாட்டார். படத்தின் பெயர்ப் பட்டியல் ஓடும் காட்சியையோ பழைய பாட்டுப் புத்தகத்தையோ பார்த்து உறுதி செய்த பிறகே கட்டத்தை நிரப்புவது என்று வைத்துக்கொண்டோம். சந்தேகம் இருந்தால் காலியாக விடுவோம். எங்களில் ஒருவரிடம் அவருடைய அத்தை சேர்த்து வைத்த பாட்டுப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. தாள்கள் அப்பளம்போல ஒடிவதால் அவற்றைப் புரட்டும் உரிமை அவருக்கு மட்டும்.

உழைப்பு வேண்டும் என்பது இதன் குறை. முறை வந்தவர் சோம்பினால் இரண்டு வாரம் காலியாகக் கிடக்கும். கைபேசியில் விரிதாளைத் திறந்து எழுதுவது கண்ணுக்கும் விரலுக்கும் தொல்லை. கணினி முன் உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் குழுவில் இரண்டு பேராவது இருந்தால்தான் இது நடக்கும்.

எதைத் தேர்வது?

பத்துப் பேருக்குள், வெகுகால நட்பு, வயது ஐம்பதை ஒட்டியோ தாண்டியோ என்றால்: பேச்சுக்கு வாட்ஸ்அப்பில் தனிக் குழு, பாட்டுக்கு யூடியூப் இணைப்பு, நினைவுக்கு விரிதாள். நாளுக்கு ஒரு பாட்டு, ஒருவர் முறை. அதற்கு மேல் அனுப்பினால் யாரும் எதையும் முழுதாகக் கேட்பதில்லை என்பதை நாங்கள் பட்டறிந்தோம். அனுப்பும்போது ஏன் இந்தப் பாட்டு என்று இரண்டு வரியோ அரை நிமிடக் குரலோ கட்டாயம். வெறும் இணைப்பு கூடாது. மாதம் ஒருமுறை அழைப்பில் கூடிப் பேசலாம், கூடாவிட்டாலும் குற்றமில்லை.

முப்பது பேருக்கு மேல், ஒருவரையொருவர் அவ்வளவாக அறியாதவர்கள், ஆனால் பாட்டில் தீவிரம் உள்ளவர்கள் என்றால் டெலிகிராமில் தலைப்பு பிரித்த குழு, நிர்வாகிகள் இருவர். விரிதாள் அங்கேயும் வேண்டும், ஆனால் எழுதும் உரிமையை மூன்று நான்கு பேருக்கு மேல் கொடுக்க வேண்டாம். கேட்டால் போதும், பேச நேரமில்லை என்பவர்களுக்குக் கூட்டுப் பட்டியலே நிறைவானது. அவர்களைப் பேச்சுக் குழுவில் சேர்த்து வற்புறுத்துவதில் பயன் இல்லை. கணவன் மனைவியோ அண்ணன் தங்கையோ என இருவர் மட்டும் என்றால் இந்த ஏற்பாடுகள் எதுவுமே தேவையில்லை, தொலைபேசி போதும்.

எதைத் தேர்ந்தாலும் விரிதாள் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தாள் தொடங்கியவரின் அலுவலகக் கணக்கில் இருந்தது. அவர் ஓய்வுபெற்றுக் கணக்கு மூடப்படுவதற்குப் பத்து நாள் முன்புதான் அது நினைவுக்கு வந்தது. அவசரமாகப் படி எடுத்து இன்னொருவரின் சொந்தக் கணக்கில் புதிய தாளாக வைத்தோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுத் தாளையும் தரவிறக்கி, எட்டுப் பேருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறோம். கடைசியாக அனுப்பிய படியில் 640 பாடல்கள் இருந்தன. ஷெனாயா கிளாரினெட்டா என்ற கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.